முதல் பட்டதாரி, எம்பிசி, பீடி அட்டை, தமிழ்வழி: பிஇ முதலாண்டு மாணவிக்கு எந்தெந்த உதவித்தொகையைச் சேர்த்து வாங்கலாம்?

மேலகரத்தான் கேட்டது:

தங்கைக்காகக் கேட்கிறேன். பொறியியல் கலந்தாய்வில் சுயநிதிக் கல்லூரி ஒன்றில் பிஇ ஈசிஇ கிடைத்து முதலாண்டு சேர்ந்திருக்கிறாள். கல்லூரிக்கு ஏஐசிடிஇ (தொழில்நுட்பக் கல்விக்கான மத்திய அரசுக் குழு) அனுமதி உண்டு. மற்ற விவரங்கள்:

6 முதல் 12 வரை அரசு உதவி பெறும் பள்ளி, தமிழ்வழி. பிளஸ் டூ மதிப்பெண் 600க்கு 541. எம்பிசி. வருமானச் சான்று ஆண்டுக்கு 96,000. அம்மா பீடி சுற்றுகிறார், தொழிலாளர் அடையாள அட்டை அவர் பெயரில் இருக்கிறது. அப்பாவுக்குக் கூலி வேலை. நான் ஐடிஐ. வீட்டில் வேறு யாரும் டிகிரி படிக்கவில்லை.

ஒவ்வொருவரும் ஒவ்வொரு திட்டத்தின் பெயரைச் சொல்கிறார்கள். 7.5 சதவீதம், முதல் பட்டதாரி, புதுமைப் பெண், எம்பிசி ஸ்காலர்ஷிப், பிரகதி, மத்திய அரசின் மெரிட் ஸ்காலர்ஷிப், பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கானது. இதில் எதெல்லாம் இவளுக்குப் பொருந்தும்? எதை எதோடு சேர்த்து வாங்கலாம்? முதலில் எந்த வேலையை முடிக்க வேண்டும்?

---

நோடல்மேஜை பதில்:

தம்பி, முதலில் பொருந்தாததைக் கழித்துவிடலாம்.

7.5 சதவீத உள் ஒதுக்கீடு 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மட்டும். அதில் சேர்ந்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டும். ஆனால் உதவி பெறும் பள்ளி அதில் வராது. பள்ளியில் சம்பளம் அரசு கொடுத்தாலும் இந்தக் கணக்கில் அது அரசுப் பள்ளி ஆகாது. ஆகவே இதை மறந்துவிடுங்கள்.

இன்ஸ்பயர் என்ற மத்திய அரசு உதவித்தொகையையும் யாராவது சொல்லியிருப்பார்கள். அது அடிப்படை அறிவியல் பட்டப்படிப்புக்கு. பிஇக்குக் கிடையாது.

இனி பொருந்துவது. மாநில அரசு தருவது மூன்று.

முதல் பட்டதாரி கட்டணச் சலுகை: ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் வந்தவர்களுக்கு உண்டு, மேனேஜ்மென்ட் கோட்டாவுக்குக் கிடையாது. வருமான வரம்பு இல்லை. அப்பா அம்மா, இருவழித் தாத்தா பாட்டி, கூடப் பிறந்தவர்கள் என யாரும் பட்டதாரியாக இருக்கக் கூடாது. உங்கள் ஐடிஐ தடையில்லை. கலந்தாய்வுப் பதிவிலேயே முதல் பட்டதாரி என்று குறித்துச் சான்றை ஏற்றியிருக்க வேண்டும். ஏற்றினீர்களா என்று ஒதுக்கீட்டு ஆணையை எடுத்துப் பாருங்கள். பிறகு கல்லூரிக் கட்டண ரசீதைப் பாருங்கள். சலுகைத் தொகை அதில் தனி வரியாகக் கழிக்கப்பட்டிருக்க வேண்டும். "அரசு பணம் வந்ததும் திருப்பித் தருகிறோம், இப்போது முழுசாகக் கட்டுங்கள்" என்று சில இடங்களில் சொல்வார்கள். அப்படிக் கட்ட நேர்ந்தால், முழுத் தொகைக்கும் முத்திரையோடு ரசீது வாங்காமல் வராதீர்கள்.

புதுமைப் பெண்: 2022 செப்டம்பர் 5இல் அரசுப் பள்ளி மாணவிகளுக்காகத் தொடங்கியது. 2024-25 முதல் அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழி படித்தவர்களுக்கும் விரித்தார்கள். உங்கள் தங்கை இதில் வருகிறாள். மாதம் 1,000, படிப்பு முடியும் வரை. வருமான வரம்பு இல்லை, வீட்டில் எத்தனை பெண்கள் என்ற கணக்கும் இல்லை. விண்ணப்பம் கல்லூரி வழியாகத்தான். எமிஸ் எண்ணை, அதாவது பள்ளிக் கல்வித்துறைப் பதிவேட்டில் மாணவிக்கு உள்ள எண்ணைக் கேட்பார்கள். 6 முதல் 12 வரை எந்தப் பள்ளி, எந்த வழி என்பதை அதை வைத்துத்தான் சரிபார்க்கிறார்கள். எமிஸில் ஏதாவது ஒரு வருடம் 'ஆங்கில வழி' என்று தவறாக ஏறியிருந்தால் விண்ணப்பம் அங்கேயே நிற்கும். திருத்துவது பழைய பள்ளியின் வேலை, கல்லூரி அதில் கை வைக்க முடியாது. பள்ளித் தலைமையாசிரியரிடம் இப்போதே ஒரு முறை பார்க்கச் சொல்லிவிடுங்கள்.

எம்பிசி போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பவர்களுக்கான எம்பிசி ஸ்காலர்ஷிப்): குடும்ப வருமானம் 2.5 லட்சத்துக்குள். விண்ணப்பம் யூமிஸ் என்ற மாநில அரசின் கல்லூரி மாணவர் பதிவுத் தளத்தில். இதில் முக்கியமான ஒன்று, மாணவி உள்ளே போகும்போது பாதி விவரம் ஏற்கெனவே நிரம்பியிருக்கும். அதை ஏற்றியது கல்லூரி அலுவலகம். சேர்க்கை வகை கலந்தாய்வா மேனேஜ்மென்டா, முதல் பட்டதாரி ஆமா இல்லையா, விடுதியா வீட்டிலிருந்து வருகிறாளா என்ற மூன்றையும் சமர்ப்பிக்கும் முன் பார்க்க வேண்டும். தவறாக இருந்தால் மாணவியால் திருத்த முடியாது. சமர்ப்பித்த பிறகு கல்லூரியும் சங்கடப்படும். விடுதி மாணவிக்கு வீட்டிலிருந்து வருபவள் என்று டிக் விழுந்துவிட்டால், பராமரிப்புத் தொகை குறைவாகக் கணக்காகும், யாரும் கவனிக்கவே மாட்டார்கள்.

இந்த மூன்றும் ஒன்றையொன்று அடிக்காது. ஒரே கட்டணத்துக்கு இரண்டு தலைப்பில் பணம் தர மாட்டார்கள், அவ்வளவுதான். முதல் பட்டதாரியில் கழிந்த தொகையை எம்பிசியில் மறுபடி எதிர்பார்க்க வேண்டாம்.

அடுத்தது மத்திய அரசு, என்எஸ்பி (தேசிய உதவித்தொகை) தளம். இங்கேதான் சிக்கல்.

மெரிட் ஸ்காலர்ஷிப் (பிஎம் உச்சதர் சிக்ஷா): வருமானம் 4.5 லட்சத்துக்குள், பட்டப்படிப்பில் முதல் மூன்று ஆண்டு வருடத்துக்கு 12,000, பிஇக்கு நான்காம் ஆண்டு 20,000. நாடு முழுக்க ஆண்டுக்கு 82,000 பேர். தகுதி, 12இல் உங்கள் போர்டில் உங்கள் பிரிவில் 80 பர்சன்டைலுக்கு மேல். பர்சன்ட் இல்லை, பர்சன்டைல். 80 சதவீதம் என்றால் 480 மதிப்பெண் என்று போடுகிறார்கள், அது தவறு. அறிவியல் பிரிவில் எழுதியவர்களை மதிப்பெண் வரிசையில் நிறுத்தி, மேலே உள்ள ஐந்தில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும் என்பதுதான் பொருள். அந்த எல்லை மதிப்பெண் ஆண்டுக்கு ஆண்டு மாறும்.

ஆனால் உங்கள் தங்கைக்கு இது வேண்டாம். காரணம் மதிப்பெண் இல்லை. வழிகாட்டு நெறிமுறையில், மாநில அரசின் உதவித்தொகையோ கட்டண விலக்கோ கட்டணத் திருப்பளிப்போ பெறுபவர் தகுதியற்றவர் என்று எழுதியே இருக்கிறது. 12,000த்துக்காக முதல் பட்டதாரியையும் எம்பிசியையும் விடுவது கணக்குக்கு உதவாது.

மிச்சம் இரண்டு. பிரகதி: ஏஐசிடிஇ, மாணவிகளுக்கு மட்டும், வருமானம் 8 லட்சத்துக்குள், ஒரு குடும்பத்தில் இரண்டு பெண்கள் வரை, ஆண்டுக்கு 50,000. டிகிரிக்கு 12ஆம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்துத் தரவரிசை. பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கான உதவி: தொழில்முறைப் படிப்புக்கு ஆண்டுக்கு 25,000, சாதாரண டிகிரிக்கு 6,000. குடும்ப மாத வருமானம் 10,000த்துக்குள் இருக்க வேண்டும். உங்கள் 96,000ஐப் பன்னிரண்டால் வகுத்தால் 8,000, வரம்புக்குள் வருகிறீர்கள்.

இரண்டையும் சேர்த்து வாங்க முடியாது. இரண்டுமே 'வேறு உதவித்தொகை பெறவில்லை' என்று உறுதிமொழி கேட்கும். என் கருத்து: கையில் உறுதியாக இருக்கும் மாநிலத் தொகுப்பை விடாதீர்கள். பிரகதி தேர்வானால், மாநிலத்தில் என்னென்ன வருகிறது என்று ரசீதை வைத்துக் கூட்டிப் பார்த்து, எதை விடுவது என்று அப்போது கல்லூரியில் உதவித்தொகை வேலையைப் பார்க்கும் நோடல் அலுவலரிடம் எழுத்தில் கேட்டு முடிவெடுங்கள். மறைத்து வாங்குவது மட்டும் கூடாது. எல்லாம் ஒரே ஆதார் எண்ணில்தான் போகிறது. கண்டுபிடித்தால் திருப்பிக் கட்டச் சொல்வார்கள்.

---

சாரல்பேட்டை_இசேவை பதில்:

மேலே சொன்னது எல்லாம் சரி. ஆனால் இந்த வேலைகள் நிற்பது திட்ட விதியில் இல்லை, பெயரில்.

நம் பக்கத்துப் பெயர் ஒன்றையே எடுத்துக்கொள்வோம், இசக்கியம்மாள். பத்தாம் வகுப்புச் சான்றில் ஆங்கில 'ஈ' எழுத்தில் தொடங்கும். ஆதாரில் 'ஐ' எழுத்தில் தொடங்கும். வங்கியில் ஒரு 'கே' குறையும். சாதிச் சான்றில் 'அம்மாள்' போய் 'அம்மா' ஆகியிருக்கும். தமிழில் வாசித்தால் நான்கும் ஒரே பெண். கணினிக்கு நான்கு பேர்.

எதை எதற்கு ஏற்ப மாற்றுவது என்று கேட்பார்கள். பத்தாம் வகுப்புச் சான்றை மூலமாக வைத்துக்கொண்டு, ஆதாரை அதற்கு ஏற்பத் திருத்துங்கள். சான்றிதழைத் திருத்துவது தேர்வுத்துறை வரை போகும் நீண்ட வேலை. ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற விடுவார்கள். அதனால் திருத்த மையத்தில் கொடுக்கும் ஒப்புகைச் சீட்டை அங்கேயே நின்று எழுத்து எழுத்தாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். இனிஷியல் முன்னால் வருகிறதா பின்னால் வருகிறதா என்பது பெரிய தொல்லை தருவதில்லை. இனிஷியலே இல்லாமல் இருப்பது, அல்லது ஒரு இடத்தில் 'எம்' என்றும் இன்னொரு இடத்தில் அப்பா பெயர் முழுசாகவும் இருப்பதுதான் தொல்லை.

வரிசை முக்கியம்: ஆதார், பிறகு வங்கி, பிறகுதான் யூமிஸும் என்எஸ்பியும். தலைகீழாகச் செய்தால், யூமிஸில் பழைய பெயர், ஆதாரில் புதுப் பெயர் என்று நின்றுகொண்டிருக்கும்.

ஆதாரில் இன்னொன்று. 15 வயது முடிந்ததும் கைரேகை, கருவிழி, முகப்படம் மூன்றையும் புதுப்பிப்பது கட்டாயம். 17க்குள் செய்தால் இலவசம். தங்கை செய்திருக்கிறாளா? என்எஸ்பியில் ஓடிஆர் (ஒரு முறைப் பதிவு) எண் வாங்க முகச் சரிபார்ப்பு உண்டு. ஐந்து வயதில் எடுத்த முகத்தோடு பதினேழு வயது முகத்தை ஒப்பிட்டால் எங்கே பொருந்தும்? 'சரிபார்ப்பு தோல்வி' என்று வந்துகொண்டே இருக்கும், பிள்ளைகள் போனை மாற்றி மாற்றி முயல்வார்கள். கோளாறு போனில் இல்லை.

சான்றிதழ்கள்: வருமானம், சாதி, முதல் பட்டதாரி மூன்றும் இ-சேவையில்தான், ஒவ்வொன்றுக்கும் 60 ரூபாய். கேன் எண் என்று இ-சேவையில் விண்ணப்பதாரருக்கான பதிவு எண் ஒன்று தருவார்கள், அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை அதையே கொடுத்தால் பெயர், முகவரி எல்லாம் அதே எழுத்தில் வரும். ஒவ்வொரு முறையும் புதுசாகப் பதிந்தால் ஒவ்வொரு சான்றிலும் ஒவ்வொரு எழுத்து. வருமானச் சான்று ஓராண்டுக்குத்தான். உங்களுடையது கலந்தாய்வுக்காக மே மாதம் வாங்கியதா, போன வருடம் வேறு எதற்கோ வாங்கியதா என்று தேதியைப் பாருங்கள்.

சாதிச் சான்று பழைய கையெழுத்து அட்டை என்றால், செல்லும்தான், ஆனால் யூமிஸ் சான்றிதழ் எண்ணைக் கேட்டு நேரடியாக எடுத்துக்கொள்ளும். அட்டையில் அந்த எண் இருக்காது. டிஜிட்டல் சான்றாக மறுபடி விண்ணப்பிக்க வேண்டும்.

வருமானச் சான்றைப் புதுப்பிக்கும்போது, ரேஷன் கார்டில் உங்கள் பெயரும் இருந்தால் விஏஓ உங்கள் வேலை பற்றியும் கேட்பார். ஐடிஐ முடித்து வேலை பார்க்கிறீர்கள் என்றால் அதை மறைத்து எழுதிக் கொடுக்காதீர்கள், விண்ணப்பம் திரும்பி வரும். திரும்பினால் மறுபடி முதலில் இருந்து விஏஓ, ஆர்ஐ, தாலுகா ஆபீஸ்.

---

மேலகரத்தான்:

ரொம்ப நன்றி. இரண்டு சந்தேகம்.

ஒன்று, தங்கைக்குப் பள்ளியில் திறந்த வங்கிக் கணக்கு ஒன்று இருக்கிறது. அதில் ஆதார் நகல் கொடுத்தாயிற்று, "லிங்க் ஆகிவிட்டது" என்று பாஸ்புக்கிலேயே எழுதிக் கொடுத்தார்கள். அது போதுமா?

இரண்டு, பிரகதியா பீடியா? ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்றால், தரவரிசையில் வருமா வராதா என்று தெரியாத 50,000த்தை நம்புவதா, 25,000த்தைப் பிடித்துக்கொள்வதா?

---

கிளை_மேலாளர்_ஓய்வு பதில்:

முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். போதாது.

லிங்க் வேறு, சீடிங் வேறு. லிங்க் என்றால் வங்கி தன் கணினியில் உங்கள் ஆதார் எண்ணைக் குறித்து வைத்திருக்கிறது என்று பொருள். சீடிங் என்றால் வங்கிகளுக்கு இடையே பணப் பரிமாற்றம் நடத்தும் என்பிசிஐ நிறுவனத்தின் அட்டவணையில் 'இந்த ஆதாருக்கு வரும் அரசுப் பணம் இந்த வங்கிக்குப் போகட்டும்' என்று பதிவது. உதவித்தொகை அனுப்புபவர் கணக்கு எண்ணைப் பார்ப்பதில்லை, ஆதார் எண்ணை மட்டும் அந்த அட்டவணையில் தட்டுகிறார். அட்டவணையில் எந்த வங்கி இருக்கிறதோ அங்கே போகும். விண்ணப்பத்தில் எந்தக் கணக்கை எழுதினீர்கள் என்பது அங்கே பொருட்டே இல்லை.

பார்ப்பது எளிது. மைஆதார் தளத்தில் ஆதார் எண், ஓடிபி போட்டு நுழைந்தால் 'பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்' என்று ஒன்று இருக்கும். அதில் வங்கியின் பெயரும் 'ஆக்டிவ்' என்ற சொல்லும் வர வேண்டும். வேறு வங்கியின் பெயர் வந்தால் திகைக்க வேண்டாம். ஒரு ஆதாருக்கு ஒரே ஒரு வங்கிதான் அந்த அட்டவணையில் நிற்கும், கடைசியாகச் சீடிங் செய்தது எதுவோ அது. சிம் கார்டு வாங்கும் கடையில் கைரேகை வைத்துப் பேமென்ட்ஸ் பேங்க் கணக்கு திறந்துவிட்டிருந்தால் பணம் அங்கே போய்க் கிடக்கும். வீட்டில் யாருக்கும் தெரியாது, 'இன்னும் வரவில்லை' என்று புகார் எழுதிக்கொண்டிருப்பார்கள்.

மாற்ற வேண்டுமானால் நீங்கள் விரும்பும் கிளைக்கு மாணவியை நேரில் அழைத்துப் போய், 'டிபிடி (அரசின் நேரடிப் பணம்) பெற என்பிசிஐ சீடிங் செய்க' என்று குறிப்பிட்டு ஒப்புதல் படிவம் எழுதிக் கொடுங்கள். பழைய வங்கியின் பெயரைக் கேட்கும் கட்டம் அதில் இருக்கும், அதையும் நிரப்புங்கள். ஒப்புகை வாங்குங்கள். இரண்டு மூன்று நாள் கழித்து மைஆதாரில் மறுபடி பாருங்கள். கவுண்டரில் 'ஆச்சு' என்று சொன்னதை நம்பி விட்டுவிடாதீர்கள்.

பள்ளியில் திறந்த கணக்கு என்கிறீர்கள். அது முழு கேஒய்சி (அடையாள ஆவணச் சரிபார்ப்பு) இல்லாத 'ஸ்மால் அக்கவுன்ட்' வகையா என்று கேளுங்கள். அந்த வகையில் எந்த நேரத்திலும் இருப்பு 50,000த்தைத் தாண்டக் கூடாது, ஆண்டில் வரவு மொத்தம் 1 லட்சத்தைத் தாண்டக் கூடாது, மாதத்துக்கு 10,000 மேல் எடுக்க முடியாது. அரசு உதவிப் பணம் வரும்போது அந்த இருப்பு வரம்பைப் பார்க்க மாட்டார்கள், ஆனால் மாதத்துக்கு 10,000 மேல் எடுக்க முடியாது என்பது இடிக்கும். ஆதார், பான் அல்லது பான் இல்லாதவர்கள் தரும் உறுதிமொழிப் படிவம், புகைப்படம் கொடுத்து முழு கேஒய்சி ஆக்கிவிட்டால் தீர்ந்தது. மைனர் கணக்காக அம்மாவைக் காப்பாளராகப் போட்டுத் திறந்திருந்தால், 18 முடிந்ததும் தங்கை பெயரில் தனியாக மாற்றிக் கையெழுத்தையும் புதுப்பிக்க வேண்டும்.

அம்மா கணக்கைக் கொடுக்காதீர்கள். பயனாளி மாணவி. அவள் ஆதார், அவள் கணக்கு.

---

நோடல்மேஜை:

இரண்டாவது கேள்விக்கு. நான் பிரகதி பக்கம். 541 என்பது 90 சதவீதம். நான்கு ஆண்டுக்கு 2 லட்சம் என்றால் முயலாமல் விடுவது தவறு. முதலாண்டில் விட்டால் பிறகு நுழைய முடியாது. டிகிரியில் முதலாண்டு மாணவிகளும், லேட்டரல் என்ட்ரியில் இரண்டாம் ஆண்டு சேர்பவர்களும்தான் புதிதாக விண்ணப்பிக்கலாம். அடுத்தடுத்த ஆண்டு புதுப்பிக்க, அடுத்த ஆண்டுக்குத் தேறியதாகக் கல்லூரித் தலைவரின் சான்று வேண்டும்.

---

முக்கூடல்_காரர் பதில்:

நோடல்மேஜை சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. பிரகதிக்கு டிகிரியில் நாடு முழுக்க இடமே ஆயிரக் கணக்கில்தான், பிளஸ் டூவில் 560, 570 வாங்கிய பெண்களும் அதே வரிசையில் நிற்பார்கள். பீடி உதவி தரவரிசை இல்லை. தகுதி இருந்தால் தகுதிதான். 541க்கு எனக்கு இரண்டாவதுதான் தெம்பு.

ஆனால் பீடிக்குப் போனால் அம்மாவின் அட்டையை இப்போதே எடுத்துப் பாருங்கள். அம்மா குறைந்தது ஆறு மாதம் அந்த வேலையில் இருந்திருக்க வேண்டும். அட்டையில் உள்ள பெயர், வயது, கணவர் பெயர் ஆதாரோடு ஒத்துப்போக வேண்டும். பல அட்டைகளில் எழுத்து அழிந்திருக்கும், புகைப்படம் இருபது வருடம் பழசு. ஸ்கேன் செய்து ஏற்றினால் எண் தெரியாது, 'ஆவணம் தெளிவில்லை' என்று திருப்பிவிடுவார்கள். பிஎஃப் பிடிக்கும் கம்பெனி என்றால் பிஎஃப் எண்ணும் கணக்குப் புத்தகமும் எடுத்து வையுங்கள். ஒப்பந்தக்காரரிடம் இலை வாங்கிச் சுற்றுபவர்களுக்கு, வேலையில் இருப்பதைக் காட்ட அந்த இலை–தூள் கணக்கு எழுதும் சின்ன நோட்டே துணை. அதைத் தூக்கிப் போடாதீர்கள்.

தங்கை 12ஐ ஒரே முயற்சியில் தேறியிருக்க வேண்டும் என்பதும் நிபந்தனை. உங்களுக்கு அதில் பிரச்சினை இல்லை என்று தெரிகிறது.

---

நோடல்மேஜை:

தெம்பு பற்றி அண்ணாச்சி சொல்வதில் நியாயம் இருக்கிறது. அப்படியானால் மேலகரத்தான் செய்ய வேண்டிய கணக்கு இது. ரசீதில் முதல் பட்டதாரியாகக் கழிந்த தொகை, அதோடு புதுமைப் பெண்ணில் ஆண்டுக்கு 12,000, அதோடு எம்பிசியில் கடந்த ஆண்டு இதே படிப்பு மாணவிக்கு எவ்வளவு வந்தது என்று அலுவலகத்தில் கேட்டு அது. இந்த மூன்றின் கூட்டல் 25,000ஐத் தாண்டினால், பீடி உதவிக்காக மாநிலத் தொகுப்பை விடுவதில் பொருள் இல்லை. 50,000த்தை நெருங்கினால் பிரகதியும் பெரிய லாபம் இல்லை. தொகையைப் பார்க்காமல் திட்டத்தின் பெயரைப் பார்த்து ஓடுவதால்தான் இந்தக் குழப்பம்.

---

அரட்டைக்கு_இல்லை பதில்:

யாரும் தனியார் பக்கத்தைத் தொடவில்லை. அரசுத் திட்டத்தோடு மோதுகிறதா என்பதை ஒவ்வொன்றின் விதியிலும் பார்க்க வேண்டும். ஆனால் முதலாண்டில் மட்டுமே விண்ணப்பிக்க முடிவதால் தள்ளிப்போடக் கூடாது.

கோடக் கன்யா: தொழில்முறைப் படிப்பு முதலாண்டு மாணவிகளுக்கு. 12இல் 75 சதவீதம், வருமானம் 6 லட்சத்துக்குள், கல்லூரிக்கு நாக் தரச்சான்று அல்லது என்ஐஆர்எஃப் தரவரிசைத் தகுதி. ஆண்டுக்கு 1.5 லட்சம். கல்லூரிக்கு அந்தத் தகுதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், இல்லையென்றால் நேரத்தை வீணாக்க வேண்டாம்.

ரிலையன்ஸ் ஃபவுண்டேஷன் இளநிலை உதவித்தொகை: எந்தப் பாடமானாலும் முழுநேர முதலாண்டு, 12இல் 60 சதவீதம், வருமானம் 15 லட்சத்துக்குள், 2.5 லட்சத்துக்குள் இருந்தால் முன்னுரிமை. படிப்புக் காலம் முழுவதற்கும் சேர்த்து 2 லட்சம் வரை. இதற்கு ஆன்லைன் திறனறித் தேர்வு கட்டாயம். வினாக்கள் ஆங்கிலப் புரிதல், எண் கணக்கு, தர்க்கம் வகை. தமிழ்வழி மாணவிகள் ஆங்கிலப் பகுதிக்கு மாதிரித் தாள் இரண்டு மூன்று செய்து பார்த்துவிட்டு உட்காரட்டும். தேர்வை லேப்டாப்பில், கேமரா வேலை செய்யும் இடத்தில், மின்சாரம் போகாத நேரத்தில். விண்ணப்பம் போட்டுவிட்டுத் தேர்வு எழுதாமல் விட்டால் விண்ணப்பமே கணக்கில் இல்லை.

எதற்கும் விண்ணப்பக் கட்டணம் கிடையாது. 'உங்கள் உதவித்தொகை பாஸாகிவிட்டது, 499 கட்டுங்கள்' என்று வாட்ஸாப்பில் வந்தால் எண்ணை பிளாக் செய்யுங்கள்.

---

மேலகரத்தான்:

கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். கடைசியாக ஒன்று. பக்கத்து வீட்டுப் பையன் போன வருடம் என்எஸ்பியில் போட்டது 'டிஃபெக்டிவ்' என்று வந்து அப்படியே போய்விட்டதாம். அது ஏன் வருகிறது?

---

நோடல்மேஜை:

என்எஸ்பி விண்ணப்பத்தை முதலில் கல்லூரி நோடல் அலுவலர் சரிபார்ப்பார், அடுத்தது மேல்நிலை அலுவலர். இருவரில் யார் குறை கண்டாலும் 'டிஃபெக்டிவ்' என்று குறிப்பு எழுதித் திருப்புவார். அது நிராகரிப்பு அல்ல. திருத்தி மறுபடி சமர்ப்பிக்கலாம், ஆனால் திருத்தும் கடைசித் தேதிக்குள். பையன் தளத்துக்குள் போய்ப் பார்க்கவே இல்லை, குறுஞ்செய்தி வந்த எண் சிம் மாற்றியதில் போய்விட்டது, அதுதான் வழக்கமாக நடப்பது. வாரம் ஒரு முறை உள்ளே போய் ஸ்டேட்டஸ் பார்க்க வேண்டும்.

காரணங்கள் பெரும்பாலும் இவைதான்: கட்டண ரசீதில் உள்ள தொகையும் படிவத்தில் எழுதிய தொகையும் வேறு, முதல் பட்டதாரி கழிவைச் சேர்த்து எழுதுவதா கழித்து எழுதுவதா என்று குழம்பி எழுதியது. யூமிஸில் ஒரு வருமானம், என்எஸ்பியில் இன்னொரு வருமானம். போனபைட் சான்று (இந்தக் கல்லூரியில் படிப்பதற்கான சான்று) கல்லூரியின் சொந்தத் தாளில், திட்டம் கேட்கும் படிவத்தில் இல்லை. முதல்வர் கையெழுத்து இருக்கிறது, முத்திரை இல்லை. மார்க்‌ஷீட்டைக் கைபேசியில் சாய்வாகப் படம் எடுத்து 200 கேபிக்குள் அழுத்தியதில் பதிவு எண் கரைந்துவிட்டது. நல்ல வெளிச்சத்தில் தட்டையாக வைத்து, கருப்பு வெள்ளையில் ஸ்கேன் செய்தால் அளவும் குறையும், எழுத்தும் நிற்கும்.

இன்னொன்று மாணவியின் தவறே இல்லை. படிவத்தில் கல்லூரியைத் தேர்ந்தெடுத்ததும் படிப்புப் பட்டியல் வரும். அதில் 'பிஇ ஈசிஇ' இல்லையென்றால், கல்லூரி தன் பக்கத்தில் அந்தப் படிப்பைச் சேர்க்கவில்லை என்று பொருள். கிட்டத்தட்டப் பொருந்துகிறதே என்று 'பிடெக்' வரிசையில் வேறு ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் சமர்ப்பித்துவிடாதீர்கள். நோடல் அலுவலரிடம் சொன்னால் அவர் நுழைந்து சேர்ப்பார். கல்லூரித் தலைவரும் நோடல் அலுவலரும் தங்கள் ஆதார் சரிபார்ப்பை முடித்திருந்தால்தான் அவர்கள் பக்கம் வேலை செய்யும். அதையும் கேளுங்கள்.

என்எஸ்பி விண்ணப்பம் பெரும்பாலும் அக்டோபர் 31இல் மூடும். நீட்டிப்பார்கள் என்று சிலர் காத்திருப்பார்கள், நீட்டித்தும் இருக்கிறார்கள். ஆனால் கடைசி வாரத்தில் ஓடிபி வராது, முகச் சரிபார்ப்பு சுற்றிக்கொண்டே இருக்கும், நோடல் மேஜையில் நூறு பேர் நிற்பார்கள். செப்டம்பரிலேயே சமர்ப்பித்துவிட்டு, விண்ணப்பத்தின் பிரிண்டில் மாணவி கையெழுத்துப் போட்டு, ஆவண நகல்களோடு அலுவலகத்தில் கொடுத்து, வாங்கியவர் பெயரும் தேதியும் இன்னொரு பிரதியில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஆன்லைனில் போட்டாயிற்று என்று காகிதம் கொடுக்காமல் விட்டவர்களின் விண்ணப்பம்தான் எங்கள் திரையில் கடைசி வரை திறக்கப்படாமல் கிடக்கும்.

பணம் அனுப்பினார்களா என்று பார்க்க என்எஸ்பியிலேயே வழி உண்டு. மத்திய அரசின் பணப் பட்டுவாடாவைக் காட்டும் பிஎஃப்எம்எஸ் தளத்தில் 'நோ யுவர் பேமென்ட்ஸ்' பகுதியிலும் தட்டிப் பார்க்கலாம். அங்கே 'அனுப்பப்பட்டது' என்று காட்டி வங்கியில் வரவில்லை என்றால், மேலே கிளை மேலாளர் சொன்ன அட்டவணையைப் போய்ப் பாருங்கள்.

---

சாரல்பேட்டை_இசேவை:

தம்பி, திங்கட்கிழமை வருவதாக இருந்தால் தங்கையையும் கூட்டி வாருங்கள், அவள் ஆதாரில் உள்ள கைபேசி எண் போட்ட போன் கையில் இருக்கட்டும். ஓடிபி அம்மா போனுக்குப் போய், அம்மா இலை வாங்கப் போயிருந்தால் அன்றைக்கு வேலை நடக்காது.